விவாத இழை: பத்தாம் வகுப்பு கணக்கு – "ஃபெயில் ஆயிடுவேன்" என்ற பயத்தை எப்படிக் குறைப்பது?

#1 சாக்பீஸ்

வணக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்கள், ஆலோசகர்கள், பெற்றோர் எல்லாரிடமும் கேட்கிறேன். அரையாண்டுத் தாள் கொடுத்தாச்சு. 35க்குக் கீழே இருக்கிறவங்களில் பலருக்குப் பாடமே தெரியாதுன்னு சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார வைத்து வாயால் கேட்டால் பாதியாவது சொல்றாங்க. தாளில் மட்டும் வெறும் பக்கம். ஸ்லிப் டெஸ்ட் நாளில் வயிற்றுவலி, லீவு. "எப்படியும் ஃபெயில்தானே டீச்சர்" என்பதே பதில்.

"தைரியமா இரு, உன்னால முடியும்" என்று சொல்வது இரண்டு நாள்கூட நிற்கவில்லை. முதல் திருப்புதல் தேர்வு ஜனவரியில், பொதுத் தேர்வு மார்ச் கடைசியில். இருக்கிற நாட்களில் வகுப்பறையில் என்ன செய்யலாம்? அறிவுரை வேண்டாம், செய்முறை வேண்டும்.

#2 முக்கோணம்77

டீச்சர், முதல் வேலை 100ஐப் பிரித்துக் காட்டுவது. பயப்படும் பிள்ளைக்குக் கணக்குத் தாள் என்பது ஒரே பெரிய கல். அதை உடைத்துக் காட்டாமல் தைரியம் சொல்லிப் பயனில்லை.

பகுதி I: ஒரு மதிப்பெண் 14. பகுதி II: இரண்டு மதிப்பெண், 14 கேள்வியில் 10 எழுத வேண்டும், 28ஆவது கட்டாயம். 20 மதிப்பெண். பகுதி III: ஐந்து மதிப்பெண், 14இல் 10, 42ஆவது கட்டாயம். 50 மதிப்பெண். பகுதி IV: 43, 44 இரண்டும் எட்டு மதிப்பெண், ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம், இரண்டிலும் 'அல்லது' உண்டு. 16 மதிப்பெண்.

இதைக் கரும்பலகையில் எழுதினால் போதாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் அரையாண்டுத் தாளை எடுத்து, எந்தப் பகுதியில் எத்தனை வாங்கினோம் என்று தானே கூட்டி எழுதட்டும். 22 வாங்கியவன் தாளைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன் மார்க்கில் 6, இரண்டு மார்க்கில் 6, வரைபடத்தில் 5, ஐந்து மார்க்கில் 5 என்று சிதறிக் கிடக்கும். "நான் ஃபெயில்" என்பது அப்போதுதான் "எனக்கு 13 குறையுது" என்று மாறும். 13 எங்கே இருக்கிறது என்று தேடுவது ஒரு வேலை. வேலைக்கு யாரும் பயப்படுவதில்லை.

ஆனால் இலக்கு 35 என்று வைக்காதீர்கள். 35ஐக் குறி வைத்தால் தேர்வறையில் ஒரு கணக்கு நின்றாலும் நடுக்கம் வந்துவிடும். 45 வையுங்கள். பகுதி IVஇல் 14, ஒன் மார்க்கில் 10, இரண்டு மார்க்கில் 10, ஐந்து மார்க்கில் 11. இதில் ஏதாவது ஒரு பகுதி முழுக்கக் கவிழ்ந்தால்கூட 31க்குக் கீழே போகாது. பாதி கவிழ்ந்தால் தேர்ச்சி நிற்கும். இந்த இடைவெளிதான் பயத்துக்கு மருந்து.

#3 நிழல்மரம்

பள்ளி ஆலோசகர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். டெஸ்ட் அன்றைக்கு வரும் வயிற்றுவலி நடிப்பு இல்லை. பல பிள்ளைகளுக்கு உண்மையிலேயே வலிக்கும். லீவு போட்டதும் வலி நின்றுவிடும். அந்த நிம்மதிதான் சிக்கல். "போகாமல் இருந்தால் நிம்மதி" என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை வலி இன்னும் சீக்கிரம் வருகிறது. வெறும் பக்கம் கொடுப்பதும் இதே வகை. எழுதித் தப்பானால் "உனக்குத் தெரியல" என்று ஆகும். எழுதாமல் விட்டால் "நான் படிக்கல, படிச்சிருந்தா வாங்கியிருப்பேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். மானத்தைக் காப்பாற்றும் வழி அது. சோம்பேறி என்று திட்டினால் அந்த மறைப்பு இன்னும் கெட்டியாகும்.

ஆகவே பரீட்சையைத் தவிர்க்க விடக்கூடாது, அதே சமயம் பரீட்சையின் அளவைச் சிறிதாக்க வேண்டும். படிப்படியாக ஏற்றுங்கள்:

முதல் வாரம்: புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரு கணக்கு, மதிப்பெண் கிடையாது.
அடுத்து: புத்தகம் மூடி, பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து இரண்டு கணக்கு.
பிறகு: தனியாக 10 நிமிட ஸ்லிப் டெஸ்ட்.
பிறகு: 45 நிமிடத்தில் ஒரு பாடம்.
கடைசியில்: மூன்று மணி நேர முழுத் தாள், தன் வகுப்பறையில் இல்லாமல் வேறு அறையில், வேறு ஆசிரியர் கண்காணிப்பில், எண் ஒட்டிய மேசையில்.

ஒரு படியில் இரண்டு மூன்று முறை பதற்றம் இல்லாமல் உட்கார்ந்த பிறகே அடுத்த படி. நேரே மூன்று மணி நேர மாதிரித் தேர்வுகளைத் தினமும் வைத்தால் பயப்படும் பிள்ளை தினமும் ஒரு தோல்வியைத்தான் பயிற்சி செய்யும்.

#4 தாள்திருத்தி

வெறும் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விடைக்குறிப்பில் மதிப்பெண் படிப்படியாகப் பிரித்துத்தான் இருக்கும். சரியான சூத்திரம், சரியாகப் பிரதியிட்டது, உதவிப் படம், அளவுத்திட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் விழும். கடைசி விடை தப்பானாலும் முன்னால் வந்த படிகளுக்கு உண்டு. காலியிடத்துக்குத் தர எதுவுமே இல்லை.

வகுப்பில் இதைச் சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள். ஒரு ஐந்து மார்க் கணக்கைப் பாதியில் நிற்கிற மாதிரி நீங்களே எழுதி, நகல் எடுத்துக் கொடுத்து, விடைக்குறிப்பும் கொடுத்து, "நீங்க திருத்துங்க" என்று விடுங்கள். தப்பான விடைக்கு மூன்று மதிப்பெண்ணைத் தன் கையாலேயே போட்ட பிள்ளை அடுத்த தாளில் ஏதாவது எழுதும். இதற்கு ஒரு பிரியட் போதும். பயந்த பிள்ளைகளிடம் இதைவிட வேகமாக வேலை செய்யும் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

#5 சாக்பீஸ்

நன்றி சார். 45 மதிப்பெண் இலக்கு நன்றாக இருக்கிறது. பகுதி IVஇல் 14 என்பது நடக்குமா? வடிவியல் என்றாலே காம்பஸைத் தூக்கிப் போடுகிறார்கள்.

#6 முக்கோணம்77

நடக்கும். பயந்த பிள்ளைக்கு அதுதான் சரியான நுழைவாயில். மற்ற பகுதிகளில் என்ன வரும் என்று தெரியாது. இங்கே வடிவங்கள் எண்ணிக்கையில் குறைவு: வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்த முக்கோணம், தொடுகோடு. வரைபடத்தில் நேர்/எதிர் மாறுபாடு, இருபடிச் சமன்பாடு. அதோடு, எங்கே தப்பு வரும் என்பதும் முன்னாலேயே தெரியும்.

வடிவொத்த முக்கோணத்தில் நூற்றுக்கு நூறு பேர் தடுக்குவது ஓரிடத்தில். 3/5 என்றால் B-யிலிருந்து வரையும் கதிரில் 5 புள்ளி (B₁ முதல் B₅ வரை), B₅ஐ C உடன் சேர்த்து, B₃ வழியே இணைகோடு. 7/3 வந்ததும் 3 புள்ளி வைத்து நின்றுவிடுவார்கள். எப்போதும் இரண்டில் பெரிய எண்ணுக்குப் புள்ளி. பின்னத்தின் பகுதியில் (கீழே) உள்ள எண்ணை C உடன் சேர். தொகுதியில் (மேலே) உள்ள எண் வழியே இணைகோடு. 7/3இல் 7 புள்ளி, B₃ஐ C உடன், B₇ வழியே இணைகோடு, BCஐ நீட்ட வேண்டும். இந்த மூன்று வரியை நோட்டின் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வரைந்ததும் ஒரு பார்வை: பின்னம் 1ஐவிடச் சிறிதானால் புது முக்கோணம் உள்ளே, பெரிதானால் வெளியே.

தொடுகோட்டில் சரிபார்ப்பு கையிலேயே இருக்கிறது. ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் புள்ளி என்றால் தொடுகோடு 4 செ.மீ. ஸ்கேல் வைத்து 4 வந்தால் முடிந்தது. "சரியா வந்துச்சா" என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளை தானே சரிபார்த்துக்கொள்ளும் கணக்குகளைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

இருபடி வரைபடத்திலும் அப்படி ஒன்று உண்டு. x² + x − 12 = 0 எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் x = −5 முதல் 4 வரை போட்டால் y வரிசை 8, 0, −6, −10, −12, −12, −10, −6, 0, 8. இடமிருந்தும் வலமிருந்தும் ஒரே மாதிரி. இந்தச் சமச்சீர் உடைந்தால் எங்கோ தப்பு. பெரும்பாலும் (−3)²ஐ −9 என்று எழுதியிருப்பார்கள். அதற்குத்தான் x² க்குத் தனி வரிசை போடச் சொல்கிறோம். மனக்கணக்காகப் போடும் பிள்ளைதான் விழுகிறது. அளவுத்திட்டம் எழுத மறப்பது இரண்டாவது தப்பு. பரவளையத்தை ஸ்கேல் வைத்துக் கோடு கோடாக இணைப்பது மூன்றாவது.

தினமும் ஒரு படம், ஒரு நாள் வடிவியல், ஒரு நாள் வரைபடம். ஒரு மாதத்தில் 25 படம் தாண்டும். பென்சில் முனை கூராக இருக்கட்டும், காம்பஸ் திருகு தளராமல் இருக்கட்டும். தளர்ந்த காம்பஸால் ஆரம் நழுவி, "எனக்கு வரல" என்று விட்ட பிள்ளைகள் ஏராளம்.

#7 அரளிவேலி

ஐந்து மார்க்குக்கும் இதே வழிதான். தன்னைத் தானே சரிபார்க்கும் கணக்குகளை எடுங்கள். திட்ட விலக்கத்தில் சராசரியிலிருந்து எடுத்த விலக்கங்களைக் கூட்டினால் 0 வர வேண்டும். பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தில் மீதி 0. அணிகளில் (AB)ᵀ = BᵀAᵀ சரிபார்க்கச் சொன்னால் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும். முதல் பாடத்தில் கார்டீசியன் பெருக்கல் சரிபார்ப்பு. இரண்டு பகடை என்றால் 36 விளைவையும் 6 × 6 கட்டமாக எழுதிவிட்டு எண்ணுவது; மனசுக்குள் எண்ணினால்தான் தப்பும்.

நாற்கரத்தின் பரப்பு சுலபம் என்று எல்லாரும் கொடுப்பார்கள். அதில் ஒரு குழி உண்டு. கொடுத்த வரிசையிலேயே புள்ளிகளைப் பிரதியிட்டால் சில சமயம் விடை தப்பாகும். முதலில் உதவிப் படத்தில் புள்ளிகளைக் குறித்து, கடிகார எதிர்த்திசையில் வரிசைப்படுத்திய பிறகே எழுத வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் "எல்லாம் சரியாத்தான் போட்டேன், ஆனா தப்பு" என்று ஆகும். பயந்த பிள்ளைக்கு அதைவிடக் கெட்ட அனுபவம் இல்லை.

முக்கோணவியல் முற்றொருமைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதில் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

#8 குறிஞ்சிமணி

பெற்றோர் தரப்பிலிருந்து. இப்படி 45, 45 என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை அதோடு நின்றுவிடாதா? 70 வாங்கக்கூடியவன் 45 போதும் என்று நினைத்தால்? இது இலக்கைக் குறைக்கிற மாதிரி எனக்குப் படுகிறது.

#9 முக்கோணம்77

நியாயமான கேள்வி மேடம். 45 எல்லாருக்கும் இல்லை, வெறும் பக்கம் கொடுக்கிற பிள்ளைக்கு மட்டும். அதுவும் முதல் திருப்புதல் வரை. 45 வந்ததும் அவன் தாளை மறுபடியும் பிரித்து, அடுத்த 10 எங்கே கிடக்கிறது என்று பார்ப்போம். 28, 42 கட்டாய வினாக்கள் புத்தகக் கணக்கைச் சற்றுத் திருப்பிக் கேட்கும்; அவற்றுக்கு அப்போதுதான் நேரம். 22இல் இருப்பவனிடம் 70 என்று சொன்னால் அது அவனுக்குக் காதில் விழாது.

#10 நிழல்மரம்

குறிஞ்சிமணி, உங்கள் கேள்வியில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. 70, 90 வாங்கும் பிள்ளைகளுக்கும் தோல்விப் பயம் உண்டு, வடிவம் வேறு. அவர்களுக்குத் தோல்வி என்பது 35 இல்லை, போன தடவையைவிட 4 குறைவது. இவர்கள் வெறும் பக்கம் கொடுக்க மாட்டார்கள். நின்ற ஒரு கணக்கிலேயே 25 நிமிடம் உட்கார்ந்து, கடைசியில் தெரிந்த மூன்று கணக்கை விட்டுவிட்டு வருவார்கள். எழுதியதை அடித்து அடித்து எழுதுவார்கள். இவர்களுக்குக் கடிகாரம்தான் மருந்து. 180 நிமிடத்தில் ஒன் மார்க்குக்கு 15, இரண்டு மார்க்குக்கு 35, ஐந்து மார்க்குக்கு 80, பகுதி IVக்கு 35, மீதி 15 சரிபார்க்க. ஐந்து மார்க் ஒன்றுக்கு 8 நிமிடம். 8 தாண்டினால் அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வீட்டில் இதைப் பழக்கும்போது, வேண்டுமென்றே ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தி எழச் சொல்லுங்கள். முடிக்காமல் விடுவதைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி இது. முதல் இரண்டு தடவை அழுகை வரும், பிறகு வராது.

"நீ அறிவாளி, உனக்கு வராதா" என்ற பாராட்டு இந்தப் பிள்ளைகளுக்குச் சுமை. 1998இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் பாராட்டப்பட்ட குழந்தைகள் கடினமான புதிர் வந்து தடுக்கியதும் சீக்கிரம் தளர்ந்தார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். ஆனால் இதை மந்திரமாக எடுத்துக்கொண்டு "முயற்சி பண்ணு, முயற்சி பண்ணு" என்று சொல்லிக்கொண்டிருப்பதிலும் பயனில்லை. எதை மாற்றி முயல்வது என்று காட்ட வேண்டும்.

#11 சாக்பீஸ்

ஸ்லிப் டெஸ்டை எப்படி நடத்துவது என்று யாராவது விரிவாகச் சொல்லுங்கள். இப்போது நடப்பது: 20 மார்க், மார்க்கை வாசிப்பது, குறைந்தவர்களை நிறுத்தி வைப்பது. இதை மாற்ற வேண்டும் என்று தெரிகிறது, எதுவாக என்று தெரியவில்லை.

#12 தாள்திருத்தி

வாசிப்பதை இன்றே நிறுத்துங்கள். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. வகுப்பறையில் மட்டும் அது தொடர வேண்டியதில்லை. பெயர் வாசித்து நிறுத்தி வைப்பது பயத்தைக் கூட்டும், கணக்கைச் சொல்லித் தராது.

ஐந்தே கேள்வி, பத்து நிமிடம். மூன்று கேள்வி நேற்று முன்தினம் நடத்தியது, ஒன்று மூன்று வாரத்துக்கு முந்தையது, ஒன்று புதியது. முதல் கேள்வி எல்லாருக்கும் வந்தே தீர வேண்டியதாக இருக்கட்டும். கை ஓட ஆரம்பித்துவிட்டால் பாதி பயம் போச்சு. அன்றைக்கே திருத்தித் தர வேண்டும். நான்கு நாள் கழித்துக் கொடுக்கும் தாளை எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. 40 தாள் திருத்த நேரமில்லை என்றால் விடைக்குறிப்பைப் பலகையில் எழுதிவிட்டு அவரவர் தாளை அவரவரே வேறு நிற மையில் திருத்தட்டும். ஏமாற்றுவார்களே என்று கேட்பீர்கள். மார்க் எங்கும் பதிவாகாது என்றால் ஏமாற்றக் காரணம் இல்லை.

முக்கியமான விதி: இரண்டு நாளில் மறு டெஸ்ட், எண்களை மட்டும் மாற்றி. இரண்டில் எது கூடுதலோ அதுதான் கணக்கு. தோற்றால் திருத்திக்கொள்ள வழி உண்டு என்று ஒவ்வொரு வாரமும் கண்ணால் பார்க்க வேண்டும். மறு டெஸ்ட் இல்லாத ஸ்லிப் டெஸ்ட் வைக்காமல் இருப்பதே மேல்.

#13 அரளிவேலி

அதோடு தப்பு நோட்டு. தனியாக 40 பக்க நோட்டு போதும். பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரித்து: கேள்வி, எந்த வரியில் தடுக்கியது, ஏன், மறுபடி போட்ட தேதிகள்.

'ஏன்' கட்டத்தில் மூன்று எழுத்துதான்: க (கவனப் பிசகு: குறி மாறியது, எண் தப்பாக எடுத்தது), ப (படி மறந்தது), தெ (தெரியவே தெரியாது). இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் 'தெ' குறைவாகத்தான் இருக்கும். "எனக்கு எதுவுமே தெரியாது" என்று சொன்ன பிள்ளைக்கு அது பெரிய செய்தி. 'க' அதிகமானால் மெதுவாக, ஒரு வரிக்கு ஒரு படி. 'ப' அதிகமானால் அதே மாதிரிக் கணக்கு மூன்று. 'தெ' மட்டுமே நீங்கள் மறுபடி நடத்த வேண்டியது.

மறுபடி போடும் தேதி: மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள். விடையைப் பார்த்துப் படிப்பது இல்லை, மூடி வைத்துப் போடுவது. 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தன்னைத் தானே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். கைடைப் படித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு "எல்லாம் தெரியுது" என்று தோன்றுவதும், தேர்வறையில் ஒன்றும் வராமல் போவதும் இதனால்தான். பிறகு அவன் தன் மூளையைக் குறை சொல்வான். குறை படித்த முறையில்.

#14 ஓலைவிசிறி

சிறப்பாசிரியர் தரப்பிலிருந்து ஒன்று, யாரும் இன்னும் தொடவில்லை. வாயால் கேட்டால் சொல்கிறான், தாளில் எழுதவில்லை என்பதை எல்லா இடத்திலும் பயம் என்று எழுதிவிடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு வாசிப்பதிலேயே சிரமம் இருக்கும், பத்தாம் வகுப்பு வரை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை, அது நல்லது. ஆனால் ஒரு பிள்ளையின் சிரமம் கண்ணில் படாமல் மேலே வந்துவிடவும் அதில் வாய்ப்பு உண்டு.

சோதித்துப் பாருங்கள். ஒரே கணக்கை நீங்கள் வாசித்துச் சொன்னால் போடுகிறானா, தானே வாசித்தால் நிற்கிறானா? 36ஐ 63 என்று அடிக்கடி எடுத்து எழுதுகிறானா? பலகையில் இருப்பதை எழுத மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரமா? எல்லாப் பாடத்திலும் அப்படியா? ஆம் என்றால் முறையான மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். கற்றல் குறைபாடு என்று மருத்துவச் சான்று கிடைத்தால், பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கேட்கலாம். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் கிடைப்பது கடினம். அடுத்த வருடப் பிள்ளைகளையாவது ஜூனிலேயே பாருங்கள்.

#15 சாக்பீஸ்

இது என் மனசில் வரவே இல்லை. மூன்று பேரை உடனே பார்க்கிறேன். நன்றி மேடம்.

அடுத்தது தேர்வறை. "ஹாலுக்குள்ள போனா எல்லாம் மறந்துடுது" – இதற்கு?

#16 நிழல்மரம்

நேர வரிசையில் சொல்கிறேன்.

முந்தின இரவு புதிய கணக்கு எதுவும் தொடக்கூடாது. தப்பு நோட்டு மட்டும். 10 மணிக்குத் தூக்கம். காலையில் இட்லியோ கஞ்சியோ, வெறும் வயிற்றோடு போகக்கூடாது. வெறும் வயிற்றில் வரும் நடுக்கத்தைப் பிள்ளை பயம் என்று எடுத்துக்கொள்ளும். பள்ளி வாசலில் "அது படிச்சியா, இது படிச்சியா" கூட்டத்திலிருந்து தள்ளி நிற்கட்டும்.

10 மணிக்குக் கேள்வித்தாள். முதல் 10 நிமிடம் வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15க்கு எழுத்து ஆரம்பம். அந்த 10 நிமிடத்தில்தான் பதற்றம் உச்சத்துக்குப் போகும், ஏனென்றால் தெரியாத கேள்வியில்தான் கண் போய் நிற்கும். அதனால் வாசிக்கும் வரிசையை முன்பே பழக்குங்கள்: 43, 44 முதலில், பிறகு ஐந்து மார்க்கில் தெரிந்தவை மட்டும், பிறகு மற்றவை.

எல்லாம் மறந்துபோன மாதிரி ஆகிவிட்டால்: பேனாவைக் கீழே வை. பாதங்களைத் தரையில் அழுத்து. 4 எண்ணும் வரை மூச்சை இழு, 6 எண்ணும் வரை விடு, ஆறு தடவை. ஒரு நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கும். வேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டால் தலை சுற்றும். பிறகு தெரிந்த ஒரு ஒன் மார்க்கைக் கையால் எழுது. இதை வகுப்பில் ஒவ்வொரு ஸ்லிப் டெஸ்டுக்கு முன்னாலும் செய்திருக்க வேண்டும். தேர்வறையில் முதல் தடவை செய்தால் வேலை செய்யாது.

இன்னொன்று: தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம், மனசில் இருக்கிற பயத்தை அப்படியே தாளில் எழுதுவது. ஜெரார்டோ ராமிரெஸும் ஸியான் பைலாக்கும் 2011இல் சயன்ஸ் இதழில் இதை எழுதினார்கள். பதற்றம் அதிகமுள்ள மாணவர்களுக்கு மதிப்பெண் கூடியது. எல்லாருக்கும் பலிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். திருப்புதல் தேர்வில் முயன்று பாருங்கள், பிடித்தவர்கள் தொடரட்டும். எழுதியதை யாரும் படிக்கக்கூடாது, கிழித்துப் போடட்டும்.

#17 தாள்திருத்தி

எதில் ஆரம்பிப்பது என்பதில் நான் வேறுபடுகிறேன். 43ஐ முதலில் *வாசிக்கலாம்*, முதலில் *வரைய* வேண்டாம். நடுங்குகிற கையில் காம்பஸ் நழுவும், அழித்து அழித்துத் தாள் கிழியும், அதிலேயே 25 நிமிடம் போகும். ஒன் மார்க்கில் தெரிந்ததை எழுதி, இரண்டு மார்க்கில் நான்கு போட்டு, கை நிதானத்துக்கு வந்த பிறகு படம்.

#18 முக்கோணம்77

ஒத்துக்கொள்கிறேன் சார், ஒரு திருத்தத்தோடு. கடைசிக்குத் தள்ளிவிடவும் கூடாது. கடைசி 20 நிமிடத்தில் வரைபடம் ஆரம்பித்தவர்கள் அளவுத்திட்டம் எழுதாமலே தாளைக் கொடுப்பார்கள். 11 மணிக்குள் படத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். வரைபடம் முதலில், வடிவியல் அடுத்து. அட்டவணை போடுவதில் கை தானாக நிதானமாகும்.

#19 குறிஞ்சிமணி

வீட்டில் நாங்கள் என்ன பேச வேண்டும், என்ன பேசக்கூடாது? ரிசல்ட் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நாளை நினைத்தால் பிள்ளையைவிட எங்களுக்குத்தான் பயம்.

#20 நிழல்மரம்

அந்தப் பயம் பிள்ளைக்குத் தெரியும். அதனால்தான் அதைப் பற்றி முன்கூட்டியே, தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே, ஒரு தடவை நிதானமாகப் பேசிவிட வேண்டும். "ஃபெயில் ஆனா என்ன ஆகும்" என்று பிள்ளை ராத்திரி தனியாக யோசிப்பதைவிட, பகலில் உங்களோடு உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். உண்மையில் ஆவது இதுதான்: தேர்ச்சி பெறாத பாடத்தை மட்டும் அடுத்த சில வாரங்களில் வரும் துணைத் தேர்வில் எழுதலாம். தேறினால் அதே வருடம் பதினொன்றில் சேரலாம். மற்ற நான்கு பாடத்தின் மதிப்பெண் போகாது. வெல்டர், வயர்மேன் போன்ற சில ஐடிஐ பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். இதைச் சொன்னால் படிக்காமல் விட்டுவிடுவான் என்று பயப்படாதீர்கள். கீழே தரை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து ஏறும்.

தினப் பேச்சில் "எவ்வளவு வாங்கின?"வுக்குப் பதில் "எந்தக் கணக்குல நின்னுச்சு?" "பக்கத்து வீட்டு பையன்" வேண்டவே வேண்டாம். "உனக்காகத்தான் கஷ்டப்படுறோம்" என்பதும் வேண்டாம். அது பிள்ளையின் மார்க்கை உங்கள் வாழ்க்கையோடு கட்டிவிடுகிறது.

ரிசல்ட் நாளில் பிள்ளை தனியாக போனில் பார்க்க வேண்டாம். வீட்டில் ஒருவர் கூட இருங்கள். சொந்தக்காரர் போன்களை அன்றைக்கு நீங்கள் எடுங்கள், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். முதல் வார்த்தை மார்க்கைப் பற்றியதாக இல்லாமல் "வா, சாப்பிடலாம்" என்று இருக்கட்டும். துணைத் தேர்வு விண்ணப்பம் மறுநாள் வேலை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை, "நான் இல்லாட்டி நல்லா இருக்கும்" என்கிற மாதிரிப் பேச்சு – இதில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். அது படிப்பு விஷயம் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை தனியாக விட வேண்டாம். 14416 டெலி மானஸ் (மனநல உதவி எண்), 104 மருத்துவ உதவி, தமிழில் பேசலாம். படிப்பு, துணைத் தேர்வு சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417.

#21 அரளிவேலி

ஒரு சின்னச் சேர்க்கை. அறிவியலிலும் இதே பிரிப்பைச் செய்து காட்டுங்கள். எழுத்து 75, செய்முறை 25. ஆனால் எழுத்தில் தனியாகக் குறைந்தது 20 வேண்டும். "செய்முறையில 25 வந்துடும், 10 போதும்" என்று தப்பாக எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

#22 சாக்பீஸ்

நாளையிலிருந்து ஆரம்பிக்கிற வரிசை இது, தப்பிருந்தால் திருத்துங்கள். முதல் நாள்: அரையாண்டுத் தாளைப் பகுதிவாரியாகக் கூட்டுவது. இரண்டாம் நாள்: பாதியில் நிற்கும் கணக்கை அவர்களே திருத்துவது. மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒரு படம். திங்கள் 10 நிமிட டெஸ்ட், புதன் மறு டெஸ்ட், மார்க் வாசிப்பு கிடையாது. தப்பு நோட்டுக்கு அச்சடித்த தாள் வேண்டுமா?

#23 முக்கோணம்77

அச்சு வேண்டாம் டீச்சர். பக்கத்தை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் நான்கு கட்டம். வரிசையில் ஒரே மாற்றம்: திங்கட்கிழமை டெஸ்ட் வைக்காதீர்கள். ஞாயிறு முழுக்க அந்தப் பயத்திலேயே போகும், திங்கள் லீவும் கூடும். செவ்வாய் டெஸ்ட், வியாழன் மறு டெஸ்ட்.

#24 சாக்பீஸ்

செவ்வாய், வியாழன். மாற்றிக்கொண்டேன். முதல் திருப்புதல் தாள் திருத்தியதும் பகுதிவாரியாக எங்கே கூடியது, எங்கே கூடவில்லை என்று இங்கேயே போடுகிறேன்.